மூன்றாவது பெயர்

"ரெண்டு தடவை என்னை மீட்டாச்சும்மா. இன்னும் நிம்மதியில்லை" என்றார் வேலாயுதம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஆற்றங்கரை மடத்தின் தலைவி நாச்சியாருக்கு நாற்பது இருக்கும். சமையல்காரி பேச்சியோடு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மீட்டா?" என்றாள் நாச்சியார்.

"முதல்ல இயக்கம். செஞ்சுடர்னு பேர் வச்சாங்க. அப்புறம் சபை. தண்ணியில முழுக்கி, பவுல்னு வச்சாங்க."

"இப்ப?"

"நீங்க தீட்சை கொடுத்து ஒரு பேர் வைக்கணும்."

"பேருக்கென்ன, வச்சுட்டாப் போச்சு. என்ன செஞ்சீங்க?"

வேலாயுதம் எழுந்து நின்றார். பல மேடைகளில் பழகிய குரல்.

நல்லாம்பட்டிப் பண்ணையாரின் நெல் சேமிக்கும் கிட்டங்கிக்கு அவர்தான் தீ வைத்தார். வெளித் தாழ்ப்பாளையும் அவர்தான் போட்டார். உள்ளேயிருந்து காவல்காரர் கதவைத் தட்டினார். வேலாயுதம் அதைக் கேட்டுக்கொண்டே ஓடினார். அன்றே இயக்கம் அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டது. கமிட்டியில் சுயவிமர்சனம் வாசித்தார், தோழர்கள் கட்டிக்கொண்டார்கள். சபையில் சாட்சி சொன்னார், பெண்கள் விம்மினார்கள்.

பேச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க ஒரு வழக்கம் உண்டு" என்றாள் நாச்சியார். "வந்தவங்க சொன்னதைக் கேட்டவங்க திருப்பிச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் தீட்சை. பேச்சி, சொல்லு."

"எனக்கு இவுகளை மாதிரிச் சொல்ல வராதே."

"வந்த மட்டும் சொல்லு."

பேச்சி தொண்டையைச் செருமினாள்.

"அண்ணாச்சி கிட்டங்கியில தீ வச்சாக. தாப்பாளைப் போட்டாக. உள்ள ஒரு மனுசன் கதவைத் தட்டுனாரு. அண்ணாச்சி ஓடிட்டாக. அப்புறம் அண்ணாச்சி அழுதாக, எல்லாரும் அழுதாக..."

நிறுத்தினாள்.

"நடுவுல ஒண்ணை விட்டுட்டேன் போல. அந்த மனுசன் பொழச்சாரா, அண்ணாச்சி?"

வேலாயுதம் அவளைப் பார்த்தார்.

"கமிட்டியில அதை யாரும் கேக்கலை."

"சரி."

"சபையிலயும் கேக்கலை."

"நான் கேக்கேன்லா."

அவர் நாச்சியாரின் பக்கம் திரும்பினார். அவள் அடுத்த புளியை எடுத்தாள்.

"எத்தனை வருசமாச்சு?" என்றாள் பேச்சி.

"முப்பத்தெட்டு."

"அவரு பேரு?"

"தெரியாது" என்றார் வேலாயுதம். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நல்லாம்பட்டிக்கு இங்கேருந்து எந்த பஸ்ஸும்மா போகும்?" என்று பேச்சியிடம் கேட்டார்.