இரண்டாவது கட்டம்

மலையடிவாரத்தில் தவமணி அம்மையாரின் மடம் இருந்தது. மடத்து வைத்தியர்கள் மேலே உள்ள சிற்றூர்களுக்கு நடந்தே போய் மருந்து கொடுத்து வந்தார்கள். அவர்கள் பையில் போட்டுக்கொண்டு ஏற, விலை குறைந்த, லேசான லேப்டாப் வேண்டியிருந்தது. பார்வைக்கென்று ஒன்று வந்து சேர்ந்தது. அதைச் சோதித்துச் சொல்லும் வேலையை அம்மையார் அம்பலவாணரிடம் விட்டார்.

அம்பலவாணர் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவருடைய சீடர். முன்பு ஒரு பத்திரிகையில் புதுக் கணினிகளை மதிப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார். மனைவி செண்பகவல்லியின் கருமாதி முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். அழவில்லை. அவள் பெயரை இங்கே யாரிடமும் சொன்னதுமில்லை. இந்தச் சோதனைக்கு மறுநாள் காலை அவருக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

பழைய வேலை மறக்கவில்லை. ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார், கனமே தெரியவில்லை. விசைகள் நெருக்கமாக இருந்தாலும் தட்டுவதில் பிழை வரவில்லை. திரை வெயிலில் மங்கியது, நிழலில் தெளிந்தது. காலையில் ஏற்றிய சார்ஜ் சாயங்காலம் வரை தாங்கியது. இந்த விலைக்கு இது போதும் என்று மனதுக்குள் முடிவு கட்டினார்.

கேமரா ஒன்றுதான் பாக்கி.

திறந்தார். திரையில் அவர் முகம் தெரிந்தது. முகத்தைக் கண்டுகொண்ட அடையாளமாகச் சுற்றிலும் ஒரு மஞ்சள் கட்டம் விழுந்தது. அடுத்து, அவர் தோளை ஒட்டி இன்னொரு கட்டம். அதற்குள் வெறும் சுவர்.

சுவரில் கறை ஏதாவது இருக்கும் என்று எழுந்து முற்றத்துக்கு வந்தார். பின்னால் மூடுபனி மட்டும் இருக்கும்படி உட்கார்ந்தார். கட்டம் கூடவே வந்தது. மூச்சு விடுகிறவரின் முகத்தில் அசைவதுபோல லேசாக அசைந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். அதுவும் அவர் பக்கம் சாய்ந்தது.

திரும்பினார். யாருமில்லை. ஆனால் அந்த உயரம் அவருக்குத் தெரிந்த உயரம்.

லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் போனார். கேமரா பழுது, திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். என்ன பழுது என்று அம்மையார் கேட்டார். இல்லாத ஆளைக் காட்டுகிறது என்றார்.

அம்மையார் தன் முன்னால் வைத்துத் திறந்தார். ஒரே கட்டம். சமையல்காரர் வரதப்பனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒரே கட்டம். பிறகு அம்பலவாணரை உட்காரச் சொன்னார்.

இரண்டு.

அம்மையார் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அவர் தோளருகே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"யார் இது?"

"யாருமில்லை, அம்மா."

திரையில் அந்தக் கட்டம் அணைந்தது. மறுபடி வந்தபோது இன்னும் நெருங்கியிருந்தது.

அம்பலவாணர் தோள் பக்கம் திரும்பினார்.

"செண்பகவல்லி," என்றார். "என் வீட்டுக்காரி."

சொன்ன பிறகுதான் அவருக்குக் கண் நிறைந்தது. அம்மையார் காத்திருந்தார். பிறகு கருவியை மூடி, ஒரு பழுதுமில்லை, வைத்தியர்களுக்கு இதையே வாங்கலாம் என்றார். வரதப்பனை அருகே அழைத்து ஏதோ சொல்லி அனுப்பினார்.

"நாளைக்குக் காவி, அம்மா?"

"அதற்கு அவசரமில்லை. இரண்டு இலை போடச் சொல்லியிருக்கிறேன், போய் உட்காருங்கள். இங்கே வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் பட்டினி."