வட்டத்திட்டில் கிழித்த கோடு

கடலும் நண்டும் மனிதரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், நடுக்கடலில் வட்டத்திட்டு என்றொரு தீவு இருந்தது. பெயருக்கேற்ற வட்டம். அடுப்பில் கிழங்கை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினால், அது வேகுமுன் தீவைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். வேறு கரை ஒன்று உண்டென்று அங்கே யாருக்கும் தெரியாது. உலகம் இவ்வளவுதான், அதில் மனிதர்கள் நாம்தான் என்று சந்தோஷமாக இருந்தார்கள். தெற்கே நல்ல தண்ணீர் ஊற்று, வடக்கே வள்ளங்கள் ஒதுங்கும் துறை, நடுவே தென்னந்தோப்பு. ஒரு குறையும் இல்லை. சண்டை வந்தால் மட்டும் பெரிய சங்கடம்.

நம் ஊர்களில் ஒருவரோடு ஒருவருக்கு ஆகவில்லை என்றால், பக்கத்து ஊர் அக்காள் வீட்டில் போய்ப் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம். வட்டத்திட்டில் கோபித்துக்கொண்டு போகப் பக்கத்து ஊர் ஏது?

சண்டை வந்தது ஒரு மீன் தலையால். பருவத்தின் முதல் பெரிய பாரை மீன் வலையில் விழுந்தால், அதன் தலை மருத்துவச்சி கடலாயிக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தீவில் நடமாடிய பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அந்த வருஷம் பாரை விழுந்தது வள்ளம் கட்டும் சேந்தனுடைய வலையில். அவன் மருமகள் அலரிக்கு அப்போது மசக்கை. நாலு நாளாக எதையும் வாயில் வைக்காதவள், குழம்பு வாசனைக்கு எழுந்து வந்து தலையைத் தின்று முடித்துச் சட்டியையும் வழித்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியை யார் என்ன சொல்ல முடியும்? சேந்தன் வால் துண்டை இலையில் சுற்றிக் கடலாயிக்கு அனுப்பினான்.

வால் துண்டு! கடலாயி குதியோ குதி என்று குதித்தாள். சேந்தனும் பதிலுக்குக் குதித்தான். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவள் கிழக்கே நடந்தாள், அவன் மேற்கே நடந்தான். கிழங்கு பாதி வேகும் நேரத்தில், தீவின் மறுபக்கத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்து நின்றார்கள். மறுபடியும் திரும்பி நடந்தார்கள், மறுபடியும் சந்தித்தார்கள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கோபம் இன்னும் ஏறியது.

கடைசியில் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து, தீவின் நடுமேட்டில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு கோடு கிழித்தார்கள். சும்மாக் கோடு இல்லை, முழங்கால் ஆழம் தோண்டிப் பவளக்கல்லை அடுக்கிய கோடு. வடக்கு சேந்தன் பக்கத்தாருக்கு, தெற்கு கடலாயி பக்கத்தாருக்கு. கோடு இருக்கும்வரை தாண்ட மாட்டோம், மனிதக் கை அதைக் கலைக்காது என்று ஊரே கடல்மேல் ஆணையிட்டது. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் அந்த ஆணையை மீறுவார்களா?

காவலுக்கு நண்டை வைத்தார்கள். அந்தக் காலத்தில் நண்டு நம்மைப் போல நேராகத்தான் நடக்கும், அந்த நடையில் அதற்குக் கர்வம்கூட உண்டு. ஆனால் நேரே நடந்தால் இரண்டு பக்கத்தையும் எப்படிப் பார்ப்பது? வடக்கே முகம் வைத்துப் பக்கவாட்டில் நகர்ந்தால், எங்களை மதிக்கவில்லை என்று தெற்கத்தியார் சண்டைக்கு வந்தார்கள். தெற்கே வைத்தால் வடக்கத்தியார். பாவம், போகும்போது வடக்கே பார்த்தும் வரும்போது தெற்கே பார்த்தும் பக்கவாட்டிலேயே நடந்து நடந்து, நேர்நடை அதற்கு மறந்தே போயிற்று.

வீம்பு பிடித்துக் கோடு கிழித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. தண்ணீர் ஒரு பக்கம், வள்ளம் ஒரு பக்கம். வடக்கே மீனாகத் தின்று இளநீராகக் குடித்தார்கள். தெற்கே வயிறு முட்டத் தண்ணீர் இருந்தது, தொட்டுக்கொள்ள ஒரு நெத்திலிகூட இல்லை. மத்தளம் தெற்கே மாட்டிக்கொள்ள, அடிக்கிறவன் வடக்கே இருந்தான். தீவில் ஆட்டமே நின்றுவிட்டது. அது எல்லோருக்கும் வருத்தம்தான். முதலில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இப்படியே மாதங்கள் ஓட, ஒரு நாள் உச்சிவேளையில் அலரிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. வடக்கே இருந்த பெண்களுக்குக் கை ஓடவில்லை. இரண்டு உயிர் போய்விடும் என்று அவர்கள் சொன்னதும் சேந்தன் கோட்டுக்கு ஓடினான். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். அலரியின் அலறல் கேட்டு, கடலாயி மருந்துப் பையோடு முன்னாலேயே வந்து மறுபக்கம் நின்றிருந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அக்கா, வழக்கத்தை மீறுனது என் தப்புதான். எம் புள்ளைய காப்பாத்திக் குடு" என்றான் சேந்தன்.

"தப்பு கிடக்கட்டும்டா. கடல் மேல ஆணை வச்சுட்டு நான் எப்படித் தாண்டி வருவேன்? வந்தா நாளைக்கு உன் வள்ளந்தான் கரை திரும்புமா?"

இருவரும் கோட்டுக்கு இரு பக்கமும் நின்று அழுதார்கள். நடுவில் நின்ற நண்டுக்கு மனசு பொறுக்கவில்லை. பக்கவாட்டிலேயே விழுந்தடித்து ஓடிக் கடலிடம் முறையிட்டது.

கடல் சிரித்தது. "நான் யாரிடம் ஆணை கேட்டேன்? என் கைக்கு எட்டுகிற இடத்தில் கோடு போட்டிருந்தால் அன்றைக்கே அழித்திருப்பேன். எட்டாத மேட்டில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். நான் மேலே ஏறி வந்தால் தீவே மிஞ்சாது. மண்ணுக்கு அடியில் வர எனக்கு ஒரு வழி செய்."

நண்டு தன் இனம் முழுவதையும் கூப்பிட்டது. கரையிலிருந்து கோடு வரை ஆயிரமாயிரம் நண்டுகள் வளை தோண்டின. மணலை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளின. வளை வழியாகக் கடல்நீர் அடியில் ஊறி வந்தது. மணல் இளகியது. அடுக்கிய பவளக்கல் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி, கோடு இருந்த இடம் சமதரையாகிவிட்டது.

மனிதக் கை எதுவும் படவில்லை. கடலாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தாள்.

வெயில் சாயும்போது குடிசைக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. கடலாயி வெளியே வந்து, "வாலை அனுப்புனவன் வீட்டுல தலைதான்டா மொதல்ல வந்துச்சு" என்று சேந்தனைப் பார்த்துச் சொன்னாள். பெண் குழந்தை, தாயும் சுகம். சேந்தன் அவள் காலில் விழுந்தான். தெற்கத்தியார் குடம் குடமாகத் தண்ணீரோடு வந்தார்கள், வடக்கே மீன் சுட்டார்கள், மத்தளமும் அடிப்பவனும் ஒன்று சேர்ந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் நண்டுகளும் ஆடினவாம்.

மறுநாள் ஊர் கூடிப் பேசியது. நமக்கு ஓடி ஒளிய வேறு இடம் கிடையாது, சண்டை போடாமல் இருக்கவும் நம்மால் ஆகாது, ஆகவே இனிமேல் கோடு போடுவதானால் அலை எட்டும் இடத்தில் போடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

அன்று தொட்டுத்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது, வளை தோண்டி மணலை உருண்டையாக வெளியே தள்ளுகிறது. அன்று தொட்டுத்தான் வட்டத்திட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்றாலும், கடல் வற்றிய நேரத்தில் ஈரமணலில் கோடு கிழித்து, ஆளுக்கொரு பக்கம் நின்று ஆசை தீரத் திட்டிக்கொள்கிறார்கள். அலை வருமுன் முடிக்க வேண்டுமே, அதனால் அவர்களைப் போல வேகமாகவும் அழகாகவும் திட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கும் கிடையாது. அலை ஏறிக் கோடு அழிந்ததும் ஒரே சட்டியில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். நேற்றைய கோபத்தோடு கண் விழித்தவர் என்று அந்தத் தீவில் இன்றுவரை ஒருவர்கூட இல்லை.