கூச்சல் போடாத ஆள்காட்டி

ஆறு கடலில் சேருகிற இடத்தில் செவலை என்ற பெண்குதிரை இருந்தது. அதற்கு மின்னி என்ற ஆள்காட்டிக் குருவி கூட்டாளி. மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் ஓய்வுக்கு வரும் விலங்குகளைச் சவாரி கூட்டிப் போவது இரண்டுக்கும் தொழில். செவலை சுமக்கும். மின்னி முன்னால் போய் வழி காட்டும்.

அந்த இடம் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு கரையில் தென்னந்தோப்பு. எதிர்க்கரையில் கண்டல் மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கடல் வற்றும்போது நடுவில் வெள்ளை வெளேரென்று மணல்திட்டு தெரியும். கடல் ஏறினால் திட்டும் இருக்காது, போன வழியும் இருக்காது. வற்றிய நேரத்திலும் ஒரு சங்கடம் உண்டு. எல்லா மணலும் ஒரே மாதிரிதான் தெரியும். எது கெட்டித் தரை, எது புதைசேறு என்று மேலே நின்று பார்த்தால் யாருக்கும் பிடிபடாது.

செவலைக்கு ஒரு குறை. பக்கத்தில் நண்டு ஓடினால் போதும், மிரண்டு நாலு கால் பாய்ச்சலில் ஓடும். இரண்டு மூன்று விருந்தாளிகள் கீழே விழுந்து எழுந்தார்கள். அதனால் தூக்கணாங்குருவியிடம் கேட்டு, பனை ஓலையில் இரண்டு பட்டை பின்னி வாங்கி, இரண்டு கண்ணுக்கும் பக்கவாட்டில் ஆளுக்கொன்றாக மறைத்துக் கட்டிக்கொண்டது. அதன் பிறகு நண்டும் தெரியவில்லை, காலடித் தரையும் சரியாகத் தெரியவில்லை. நேர் எதிரே மட்டும்தான் பார்வை.

தரையைப் பார்க்கும் வேலையை மின்னி எடுத்துக்கொண்டது.

“நான் கத்தினால் நின்றுவிடு. கத்தவில்லை என்றால் தாராளமாக நட,” என்றது மின்னி.

“சரி. என் உயிர் உன் தொண்டையில் இருக்கு, பார்த்துக்கோ,” என்றது செவலை.

அப்படித்தான் நடந்தது. மின்னி குச்சிக் கால்களால் மணலைத் தட்டித் தட்டிப் போகும். தரை கொஞ்சம் ஆடினாலும் கத்திவிடும். சும்மா கத்தல் இல்லை அது. மின்னி கத்தினால் தோப்பில் தேங்காய் உதிரும் என்று நண்டுகள் கேலி பேசும். பேசினால் பேசட்டும் என்று மின்னி விட்டுவிடும். செவலையின் காலில் ஒரு முள் குத்தியது இல்லை.

முதலில் எல்லாம் கூட்டச் சவாரிதான். தோப்பு ஓரமாகப் போய்த் திரும்புவார்கள். போகப் போக, தனிச் சவாரி வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு விருந்தாளி, ஒரு குதிரை, ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

அப்படி வந்தது ஒரு மயில். சவாரி முடிந்து இறங்கியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டது. கடலைப் பார்க்கலாம் என்று ஆசையாக வந்தால் காதே போய்விட்டது என்றது. இந்தக் குருவி ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறது, கொஞ்சம் நாசூக்கு வேண்டாமா என்றது. அகவினால் ஊரே திரும்பிப் பார்க்கும் மயிலே இதைச் சொன்னதுதான் வேடிக்கை. ஆனால் மின்னிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்துவிட்டது.

மறுநாள் செவலையிடம் வந்து, இனிமேல் கத்தப் போவதில்லை என்றும், ஆபத்து என்றால் பறந்து வந்து காதில் மெல்லச் சொல்வதாகவும் சொன்னது.

செவலைக்கு அது பிடிக்கவில்லை. காற்றடிக்கும் இடமாயிற்றே, மெல்லச் சொன்னால் விழுமா என்று கேட்டது. அதெல்லாம் விழும், நான் என்ன தூரத்திலிருந்தா சொல்லப் போகிறேன் என்று மின்னி சமாதானம் செய்தது. எதுவும் கேட்கவில்லை என்றால் நடக்க வேண்டும் என்ற பழைய பேச்சு மட்டும் மாறவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. “எவ்வளவு பதமான குருவி!” என்று விருந்தாளிகள் மெச்சினார்கள். மெச்சல் என்பது வெல்லம் மாதிரி. நக்க நக்க இன்னும் கொஞ்சம் கேட்கும். செவலை திடீரென்று நின்றால் மேலே இருப்பவர் குலுங்குகிறாரே என்று, சின்னச் சின்னக் குழிகளை மின்னி காதிலும் சொல்லாமல் விட்டது. ஒரு தடவை செவலையின் முன்னங்கால் மடங்கிவிட்டது.

“குழி இருந்ததா மின்னி?” என்று கேட்டது செவலை.

“சின்னக் குழிதான். அதற்குப் போய் உன்னை நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.”

செவலை காலை உதறிவிட்டு நடந்தது.

அந்தச் சமயத்தில் சோலையம்மா வந்தது. சோலையம்மா ஒரு மந்தி. மேகம் வந்து உட்காரும் மலைச்சோலையில் அதற்கு வீடு. கையில் ஒரு குட்டி. அந்தக் குட்டி மழைக்காலம் முழுக்க இருமி இருமி, தானும் தூங்கவில்லை, தாயையும் தூங்க விடவில்லை. வெயில் பட்டால் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, சோலையம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டது. கடல் காற்று ஒத்துக்கொண்டது. இருமல் நின்றது. குட்டி நெஞ்சில் படுத்தவுடன் தூங்கத் தொடங்கியது.

ஊருக்குத் திரும்புமுன் ஒரு தனிச் சவாரி போக வேண்டும் என்று சோலையம்மாவுக்கு ஆசை. மணல்திட்டுவரை போய்க் கடலை நன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

“பிள்ளை இப்பத்தான் தூங்கப் பழகியிருக்கு. சத்தம் மட்டும் வேண்டாம், என்ன?”

“சத்தமா? என்னிடமா? எல்லாரையும் கேட்டுப் பாருங்கள் அம்மா,” என்றது மின்னி பெருமையாக.

கடல் நன்றாக வற்றியிருந்தது. செவலை கண்டல் கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவில் இருந்த கால்வாயைக் கடந்து திட்டில் ஏறியது. சோலையம்மா கண்ணை அகல விரித்தது. தண்ணீர் இவ்வளவு தூரம் போய்விட்டதே என்று அதிசயப்பட்டது. மலையில் பிறந்தது அல்லவா, அதற்குத் தெரிந்த தண்ணீர் ஓடைத் தண்ணீர்தான். ஓடைத் தண்ணீர் கீழே போனால் போனதுதான், திரும்பி ஏறி வராது. கடலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டது. கடல் திரும்பி வரும் என்று மின்னி சொல்லியிருக்கலாம். நல்ல நேரத்தில் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டது.

திட்டின் முனையில் நின்றார்கள். தூரத்தில் ஓங்கில்கள் என்னும் டால்பின்கள் கூட்டமாகத் துள்ளின. குட்டி கண் விழித்துப் பார்த்தது. ஒன்று துள்ளி விழுந்ததும் கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சோலையம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு.

மின்னி திரும்பிப் பார்த்தது. பின்னால் கால்வாயில் தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இப்போதே கிளம்ப வேண்டும். கத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் மின்னிக்கு வாய் வரவில்லை. இழுத்து இழுத்து, கிளம்பலாமா என்று கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் என்று சோலையம்மா கெஞ்சியது. ஆகட்டும் அம்மா என்று மின்னி தலையாட்டியது.

செவலை காதை விடைத்தது. “மின்னி, தண்ணீர்ச் சத்தம் மாறுதே?”

“கிளம்பிடலாம், கிளம்பிடலாம்,” என்றது மின்னி.

குட்டி களைத்துப் போய்த் தூங்கிய பிறகுதான் கிளம்பினார்கள். அதற்குள் கடலிலிருந்து காற்று எழும்பிவிட்டது. கண்டல் கிளைகள் கவிந்திருந்த கால்வாய் ஓரம் வந்தபோது தண்ணீர் செவலையின் குளம்பைத்தான் நனைத்தது. ஆனால் அடியில் ஊறிய தண்ணீர் மணலைக் கரைத்திருந்தது. மின்னி முன்னால் ஓடிக் காலை வைத்தது. தரை தயிர் மாதிரி ஆடியது.

மின்னியின் தொண்டைவரை கத்தல் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தது. குட்டி தாயின் நெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சோலையம்மா மின்னியைப் பார்த்துச் சிரித்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டியது.

மின்னி கத்தலை விழுங்கியது. பறந்து வந்து, செவலையின் காதருகே, “நில்,” என்றது மெல்ல.

காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

செவலைக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை என்றால் நடக்க வேண்டும். செவலை நடந்தது.

இரண்டே எட்டுதான். முன்னங்கால்கள் முழங்கால்வரை போயின. பின்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. அவையும் போயின. சேறு வயிற்றைத் தொட்டது.

அப்போது மின்னி கத்தியது. அப்படி ஒரு கத்தலை அந்தக் கரை அதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்டதும் செவலை, பழகிய பழக்கத்தில், அசையாமல் நின்றது. நிற்பதைத் தவிர இனி வேறு எதுவும் அதனால் முடியாது.

குட்டி அலறி விழித்தது. தண்ணீர் இப்போது ஊரவில்லை, ஓடியே வந்தது.

“சோலையம்மா, பயப்படாதீங்க,” என்றது செவலை. “என் கழுத்து மேல் ஏறி வாங்க. தலைக்கு மேல் கண்டல் கிளை இருக்கு. நான் நிமிர்ந்து கொடுக்கிறேன், தாவிடுங்க.”

செவலை கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டியது. சோலையம்மா குட்டியை இறுக்கிக்கொண்டு, செவலையின் நெற்றியில் காலை ஊன்றித் தாவியது. கிளை கைக்கு அகப்பட்டது. ஊன்றிய வேகத்தில் செவலை இன்னும் ஒரு முழம் கீழே போயிற்று.

சோலையம்மாவும் சும்மா இருக்கவில்லை. குட்டியைக் கிளைக் கவட்டில் வைத்துவிட்டு, கையில் கிடைத்த கிளையை எல்லாம் ஒடித்துப் போட்டது. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தொங்கியபடி செவலையின் பிடரியைப் பிடித்து இழுத்தது. மின்னியும் அலகால் கவ்வி இழுத்தது. ஒரு மந்தியும் ஒரு குருவியும் சேர்ந்து ஒரு குதிரையைத் தூக்க முடியுமா?

“மின்னி, நான் சேற்றில் கால் வைக்கும் முன்னால் நீ கத்தினாயா?” என்று கேட்டது செவலை.

“காதில் சொன்னேன் செவலை. நில் என்று சொன்னேன்.”

“எனக்குக் கேட்கலையே. கேட்காததால்தான் நடந்தேன்.” அதன் குரலில் கோபமே இல்லை. “இந்த ஓலையை எடுத்துவிடு. கொஞ்சம் பார்க்கிறேன்.”

மின்னி முடிச்சைக் கொத்தி அவிழ்த்தது. பட்டைகள் இரண்டும் தண்ணீரில் மிதந்து போயின. செவலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. இரண்டு பக்கமும் கடல்தான் வந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பிடரியை மூடும்வரை சோலையம்மா கையை விடவில்லை. பிறகு பிடிக்க எதுவும் இல்லை.

கண்டல் கிளையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குட்டிதான் முதலில் கேட்டது.

“அம்மா, சேறு இருந்ததே, குதிரை ஏன் நிற்கவில்லை?”

சோலையம்மா மின்னியைப் பார்த்தது. மின்னி தலையைக் குனிந்துகொண்டது.

“நீங்கள் சத்தம் வேண்டாம் என்றீர்கள் அம்மா. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து அழுமே என்றுதான்...”

“அழுதிருந்தால் என்ன?” என்றது சோலையம்மா. “மறுபடி தூங்க வைத்திருப்பேன்.”

கீழே தண்ணீர் மட்டும் சுழித்து ஓடியது.

அடுத்தவர் முகம் வாடுமே என்று ஆபத்தைச் சொல்லாமல் மறைப்பவர், தம்மை நம்பி நடப்பவரின் உயிரைத்தான் அதற்கு விலையாகக் கொடுக்கிறார்.