நாற்பத்தோராவது கேள்வி

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளம். அங்கே பாடுபடும் பெண்களுக்கு ஏன் சிறுநீரகக் கல் வருகிறது என்று ஆராய வந்தார் பேராசிரியர் சாம்பசிவம். ஆய்வில் தொழிலாளி ஒருவரையும் பங்காளியாகச் சேர்க்க வேண்டும் என்பது விதி. அப்படிச் சேர்ந்தவள் உப்பு வாரும் சந்தனமாரி.

“நாப்பது கேள்வி தயாரா இருக்கு. நீ கையெழுத்து மட்டும் போடும்மா,” என்றார்.

“பங்காளின்னா பங்கு கேப்பேன்ல, சார். என் பங்குக்கு ஒரு கேள்வி விட்டுப்போச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. “முப்பது வருஷமா இதான் என் வேலை. எது விட்டுப்போச்சு, சொல்லு பாப்போம்!”

“சொன்னா வெளங்காது. நாளைக்கு ஒரு பொழுது எங்ககூட வந்து நில்லுங்க. தினம் பத்து தம்ளர் தண்ணி குடிக்கச் சொன்னீங்கள்ல, அதை நான் தாரேன்.”

வந்தார். வெயில் ஏற ஏற, சந்தனமாரி குடமும் தம்ளருமாக அவர் பின்னாலேயே திரிந்தாள். ஏழாவது தம்ளரில் பேராசிரியர் நெளிந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்தி. மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை.

“ஏம்மா,” என்றார் மெல்ல, “இங்க ஒதுங்குறதுக்கு எங்க போவீங்க?”

அவள் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். “அதான் சார் அந்தக் கேள்வி. உங்க கையாலயே எழுதிருங்க.”

காலைப் பின்னிக்கொண்டே எழுதினார். “பதில்?”

“போக எடமில்ல. அதனால தண்ணியே குடிக்கிறதில்ல.”

ஆய்வறிக்கை வெளிவருவதற்கு முன்பே உப்பளத்துக்குக் கழிப்பறை வந்துவிட்டது. திறப்பு விழாவில் சந்தனமாரி பேராசிரியரிடம் தம்ளரை நீட்டினாள்.

“மூணு பாக்கி இருக்கு, சார். இப்ப தைரியமாக் குடிங்க.”