விழுந்தால் ஒன்றும் ஆகாத ஃபிளாஷ்

அரைக்கிணறு என்று ஓர் ஊர். தண்ணீர் வந்ததும் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள் என்று யாரோ சொல்லிவைக்க, பாதிக் கிணறு தோண்டியிருக்கும்போது பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி வந்து நின்றது. சொன்ன சொல் தவறாத ஊர். கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அந்த ஊரில் ஒரே ஒரு போட்டோ ஸ்டுடியோ. நடத்துகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் தவசிலிங்கம், படம் எடுப்பவர். அடுத்தவன் பால்வண்ணன், யோசிப்பவன். மூன்றாவது ஆள் சித்திரைவேல், பால்வண்ணன் யோசித்ததை உடனே செய்துவிடுபவன். யாராவது ஒருத்தர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தவசிலிங்கத்தின் அக்காள் மகள் பூரணத்துக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மூவரும் போய் அறுபத்து நான்கு படம் எடுத்தார்கள். அறுபத்து நான்கிலும் பூரணம் கண்ணை மூடியிருந்தாள். ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளையின் அத்தை ஒரு பக்கம் விடாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. எப்ப முழிக்கும்?"

அந்தக் கேள்வி இரண்டு ஊர் தாண்டிப் பூரணத்தின் காதுக்கு வந்தது. அவள் நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"மாமா, தாலி கட்டுற படம் ஒண்ணே ஒண்ணு. அதுல என் கண்ணு திறந்திருக்கணும். அதைத்தான் பெரிசாக்கி அவங்க வீட்டு ஹால்ல மாட்டப்போறாங்களாம். ஆயுசுக்கும் அதுக்குக் கீழதான் நான் வர்றவங்களுக்குக் காப்பி கொடுக்கணும்."

"திறந்திருக்கும்மா. நான் பொறுப்பு."

"போன தடவையும் நீங்கதான் பொறுப்பு. இந்தத் தடவை மூடியிருந்துச்சு, உங்க ஸ்டுடியோ ஷட்டரை நானே இழுத்துப் பூட்டி, சாவியை அரைக்கிணத்துக்குள்ள எறிஞ்சிருவேன்."

"அதுல தண்ணி இல்லையே. இறங்கி எடுத்துரலாம்" என்றான் சித்திரைவேல்.

பூரணம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கண் நன்றாகத்தான் திறந்திருந்தது. அப்போது யார் கையிலும் கேமரா இல்லை.

அவள் போனதும் மூவரும் கூடி யோசித்தார்கள். பழைய ஃபிளாஷ் முகத்துக்கு நேரே அடிக்கிறது, அதனால்தான் கண் மூடுகிறது என்று பால்வண்ணன் கண்டுபிடித்தான். மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு புது ஃபிளாஷோடு வந்து இறங்கினார். ஃபிளாஷின் தலையைப் பார்த்தால் சின்னக் குண்டான் மாதிரி. பேட்டரியைப் பை போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

"சார், இது சாதா ஃபிளாஷ் இல்ல சார். தொழில் பண்றவங்களுக்குன்னே செஞ்சது சார். மழையில நனையலாம், மண்ணுல புரளலாம், ரெண்டு ஆள் உயரத்துல இருந்து விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது சார். எங்க வேணும்னாலும் கையோட கொண்டு போகலாம். ஒண்ணே ஒண்ணு சார், முகத்துக்கு நேரா அடிக்கவே கூடாது. எதிர்ல வெள்ளையா ஒரு சுவர் பார்த்து அதுல அடிங்க. வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்து பூ மாதிரி முகத்துல விழும். கண்ணே கூசாது சார். அப்புறம் ஃபிளாஷும் கேமராவும் புருசன் பொண்டாட்டி மாதிரி சார். பிரிச்சு வச்சிராதீங்க."

சொல்லிவிட்டு, ஃபிளாஷுக்குக் காசை வாங்கிக்கொண்டு அவர் நாலரை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். பால்வண்ணன் மட்டும் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, விழுந்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு."

"சொன்னாரு" என்றார் தவசிலிங்கம்.

"விழலன்னா?"

தவசிலிங்கம் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். "அதைச் சொல்லலையேடா."

"மனுசன் பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல விட்டுட்டாரு. நாம பாட்டுக்கு அதை விழவே விடாம பத்திரமா வச்சு, ஏதாவது ஆயிருச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அன்று முதல் ஃபிளாஷைக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, சாப்பாட்டுக்கு முன்னால் கீழே போட்டார்கள். இரண்டு ஆள் உயரம் என்றால் எந்த இரண்டு ஆள் என்பதில் மட்டும் ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது. கம்பெனிக்காரர் உயரமா, நம் உயரமா, கம்பெனி முதலாளி உயரமா? கடைசியில், வாங்கினவர்கள் உயரம்தான் நியாயம் என்று முடிவாகி, பால்வண்ணன் தோளில் சித்திரைவேல் ஏறி நின்று, தலைக்கு மேலே தூக்கி, கையை விட்டான். ஃபிளாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காம் நாள் சித்திரைவேலும் கூடவே விழுந்தான். அவனுக்கு ஆயிற்று. இடது கையில் மாவுக்கட்டு.

"உன்னை எந்தக் கம்பெனி செஞ்சதோ" என்று தவசிலிங்கம் வருத்தப்பட்டார்.

எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்று சொன்னதையும் அவர்கள் விடவில்லை. முடிவெட்டும் கடைக்கு, மாவு மில்லுக்கு, எழவு வீட்டுக்கு, எல்லா இடத்துக்கும் ஃபிளாஷ் போயிற்று. ரேஷன் கடையில் அது தற்செயலாக ஒரு தடவை பளிச்சென்று அடித்துவிட்டது. உள்ளே இருந்தவர் மேலதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அளந்த அரிசியையெல்லாம் திரும்ப வாங்கி மறுபடி அளந்து கொடுத்தார். அன்று ஒரு நாள் அரைக்கிணற்றில் எல்லார் வீட்டிலும் சோறு மிஞ்சியது.

கல்யாண நாள் வந்தது. காலை வேளைக்கு ஃபிளாஷைக் கீழே போட்டுவிட்டு, பிரிக்கக் கூடாது என்று சொன்னாரே என்று அதைக் கேமராவோடு சேர்த்து வைத்துக் கயிற்றால் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். சித்திரைவேல் ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. ஒன்று எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் மற்றதும் பார்க்கும். உத்தமமான தம்பதி.

பூரணத்தின் வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகத் துணி. வெள்ளைச் சுவர் என்று ஒன்று கண்ணுக்கு எட்டின தூரம் வரை இல்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

"பஞ்சாயத்து ஆபீஸ் சுவர் வெள்ளைதான்" என்றார் தவசிலிங்கம்.

"கொண்டு வந்துருவமா?" என்று சித்திரைவேல் மாவுக்கட்டை மடக்க முயன்றான்.

"எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம்னு அவர் சொன்னது ஃபிளாஷைத்தான்டா. சுவரைப் பத்தி வாக்குக் கொடுக்கல."

மணவறையில் இருந்தபடி பூரணம் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். "என்ன மாமா, மூணு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டு நிக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு சுவர் மட்டும் குறையுது."

பூரணம் கையிலிருந்த தேங்காயை ஒரு முறை இறுக்கிப் பிடித்து, அவர் தலையைப் பார்த்தாள். ஐயர் பக்கத்தில் இருந்ததால் எறியாமல் விட்டாள்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். ஒன்றியச் செயலாளர் ஆவுடைநம்பி வந்துகொண்டிருந்தார். பின்னால் இருபது பேர். அத்தனை பேரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலை வெயில் அவர்கள்மேல் பட்டு, பந்தலே ஒரு கணம் வெளுத்தது.

"அண்ணே," என்றான் பால்வண்ணன் மெல்ல, "சுவர் நடந்து வருது."

தவசிலிங்கம் எதிரே போய்க் கும்பிட்டார். "ஐயா, நீங்க எல்லாரும் மணவறைக்கு எதிர்ல நெருக்கமா நிக்கணும். நீங்க நின்னாத்தான் இந்தக் கல்யாணத்துல வெளிச்சம்."

ஆவுடைநம்பிக்கு இப்படி ஒரு வரவேற்பு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை. தொண்டையைச் சரி செய்துகொண்டார். கையில் மைக் இல்லாததை அவர் பொருட்படுத்தவில்லை. "என் அன்பிற்கினிய அரைக்கிணற்றுப் பெருமக்களே. நாங்கள் எங்கே நிற்கிறோமோ அங்கே வெளிச்சம் என்று சாமானிய மக்கள் இன்று உணர்ந்திருக்கிறார்கள். நிற்போம். மக்களுக்காக நிற்போம். கடைசி வரை நிற்போம்."

"அசையாம நிக்கணும் ஐயா" என்றான் பால்வண்ணன்.

"கொள்கையில் நாங்கள் அசைந்ததே இல்லை, தம்பி."

"அந்த வேட்டிக் கரையை மட்டும் கொஞ்சம் உள்ள மடிச்சு விட்டுக்கிட்டா, முழு வெள்ளையாயிரும்."

இருபது பேர் முகமும் மாறியது. கரைதான் கட்சி. அதை மடிப்பதா? ஆவுடைநம்பி கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "மக்கள் கேட்கிறார்கள். தற்காலிகமாக மடிக்கிறோம்" என்றார். இருபது பேரும் குனிந்து மடித்தார்கள். இதற்கு முன்னால் மூன்று தேர்தலில் மடித்துப் பழக்கம் இருந்ததால் எல்லாருக்கும் சுளுவாக வந்தது.

பால்வண்ணன் வரிசையில் நடந்து ஒவ்வொரு சட்டையாகச் சோதித்தான். ஒருவர் சட்டையில் வெற்றிலைச் சாறு தெறித்திருந்தது.

"இவர் ஆகாது ஐயா. சுவர்ல கறை இருக்கு."

"நீ வெளியே போய்யா" என்றார் ஆவுடைநம்பி. அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாகக் கட்சியில் இருந்தவர். தலை குனிந்தபடி பந்திப் பக்கம் போனார். அவர் நின்ற இடைவெளியில் ஆவுடைநம்பியே புகுந்து நின்றார். சுவர் தயார்.

சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சனத்துக்கு இருபது வெள்ளை முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

"தாலி கட்டியாச்சா?" என்று ஒரு குரல்.

"யாருக்குத் தெரியும்? முன்னால ஏதோ கட்சிக் கூட்டம் நடக்கு" என்று இன்னொரு குரல்.

தவசிலிங்கம் மணவறைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றார். ஃபிளாஷைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கேமராவும் கூடவே சுவர்ப் பக்கம் திரும்பியது. மணமக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குள் கண்ணை வைத்தார்.

"ஏலே பால்வண்ணா, உள்ள ஒன்றியச் செயலாளர்தான் தெரியாரு. பொண்ணைக் காணல."

"இங்க இருந்து வெளிச்சம்தானே அண்ணே கிளம்புது? அது சுவர்ல பட்டு, திரும்பி, பொண்ணு முகத்துல போய் விழும்."

"சரி."

"கேமரா அதுகூடவே கட்டியிருக்கு. வெளிச்சம் போற இடத்துக்குப் படமும் போயிட்டுத்தானே வரணும்?"

தவசிலிங்கம் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு இவன் நம்மோடு இருக்கிறானே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஐயர் விரலை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. பளிச், பளிச் என்று புது ஃபிளாஷ் அடிக்க, இருபது சட்டையிலும் பட்ட வெளிச்சம் பால் மாதிரி திரும்பி வந்து மணவறையில் விழுந்தது. கம்பெனிக்காரர் சொன்னது பொய்யில்லை. கண் கூசவில்லை. பூரணம் இமைகூடத் தட்டாமல் முழித்துக்கொண்டிருந்தாள். மூன்று முடிச்சும் விழுந்து முடிந்த பிறகும் முழித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குத்தான் கொஞ்சம் பயமாக இருந்தது.

"மாமா, இந்தத் தடவை மூடவே இல்ல" என்று அவள் பின்னால் இருந்து சொன்னாள். திரும்பிப் பார்க்கத் தவசிலிங்கத்துக்கு நேரமில்லை. சுவரை விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து மூவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் கையில் ஆல்பம். மற்ற இருவர் கையில், செய்தித்தாள் சுற்றிய பெரிய சட்டம். ஹாலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். நடு நாற்காலியில் அத்தை. பூரணம் காப்பித் தட்டோடு நின்றாள்.

சட்டத்தைச் சுவரில் மாட்டிக் காகிதத்தைக் கிழித்தார்கள்.

இருபது பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கஞ்சி மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணும்படி தெரிந்தது. ஆவுடைநம்பியின் மீசையில் நரை எத்தனை, மை எத்தனை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பூரணம் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா. என் கண்ணு எங்க?"

"நல்லாப் பாரும்மா" என்றார் தவசிலிங்கம் அமைதியாக. "இதுல எங்கயாச்சும் உன் கண்ணு மூடியிருக்கா?"

பூரணம் கிட்டே போய்ப் பார்த்தாள். இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். என்ன இருந்தாலும் அரைக்கிணற்றுப் பெண்.

"இல்ல" என்றாள்.

"ஆல்பத்தையும் பாத்துரு. அப்புறம் சொல்லக் கூடாது."

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றில்கூட அவள் கண் மூடியிருக்கவில்லை. அவள் முகத்தில் இத்தனை மாதமாக இருந்த கலக்கம் வடிந்து போயிற்று. தட்டை எடுத்து மாமாவுக்கு முதல் காப்பியைக் கொடுத்தாள்.

அத்தை மட்டும் விடவில்லை. "எல்லாம் சரி. ஆனா இதுல பொண்ணு எங்க இருக்கு?"

பால்வண்ணன் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டான். "அத்தை, இந்த இருபது பேரும் என்ன செய்யுதாங்க?"

"எதிர்ல யாரையோ பாக்காங்க."

"அதுதான் பொண்ணு."

அத்தை படத்தை ஒரு தரம் பார்த்தாள். இருபது பேரும் பார்க்கிற திசையைக் கணக்குப் பண்ணி, நாற்காலியோடு திரும்பி, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே மாட்டுத்தீவனக் கடைக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு கறவை மாடு.

அத்தை நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பூரணத்தின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நான்தான் வாய் துடுக்கா ஏதோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காத" என்றாள். "கண்ணு நல்லாப் பெருசாத்தான் திறந்திருக்கு."