முதலை வாத்தியாரின் கோண வகுப்பு

அல்லிக்குளத்தில் ஒரு கிழட்டு முதலை இருந்தது. துரத்தி இரை பிடிக்க அதற்குத் தெம்பில்லை. ஆகவே வாத்தியார் வேலை பார்க்கத் தொடங்கியது!

பனி இறங்கும் விடியற்காலையில் தவளைகள் எல்லாம் கரையில் கூடும். முதலை தன் வாயையே திறந்து பாடம் நடத்தும்.

"இது கீழ்த்தாடை, இது மேல்தாடை. ரெண்டும் சேர்ற இடம் உச்சி. நடுவுல இருக்கிற திறப்புதான் கோணம்! கொஞ்சமாத் திறந்தா?"

"குறுங்கோணம்!"

"தண்ணியில நட்டமா நிக்கிற நாணல் மாதிரித் திறந்தா?"

"செங்கோணம்! தொண்ணூறு பாகை!"

"அதையும் தாண்டினா?"

"விரிகோணம்!"

ஒப்பிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. ஒருவர் சொன்னதை ஊரே திருப்பிக் கத்துவது தவளைகளின் பிறவிப் பழக்கம். கேட்கவா வேண்டும்! கண்ணை மூடிக்கொண்டு கத்தித் தீர்த்தன.

வரியாள் என்ற தவளையும் அப்படித்தான் கத்தினாள். அவள் தம்பி குண்டன்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரன். அன்று முதலை அவனைக் கூப்பிட்டது.

"குண்டா, உள்ளே வந்து உச்சியைத் தொட்டுப் பாருடா!"

குண்டன் பெருமையோடு தாவினான். மற்றவர்கள் கண்ணை மூடி ஒப்பித்தார்கள்.

வெகுநேரமாகியும் அவன் திரும்பவில்லை. குரல் மட்டும் வரியாளுக்குக் கேட்டது. அது கரையிலிருந்து வரவில்லை. வாத்தியாரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது!

"குறுங்கோணம்... செங்கோணம்..."

குண்டன் குரல் மட்டுமா? நேற்றிலிருந்து காணாத சொறியன், அதற்கு முன்பே காணாமல்போன நெட்டைக்காலி, இன்னும் யார் யாரோ அந்த இருட்டுக்குள் பாடம் படித்தார்கள். கூட்டம் கரைவது யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான். சத்தம் குறையவே இல்லையே!

மெல்லக் கண்ணைத் திறந்தாள். முதலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி கண்ணைத் திறந்தே?"

ஒரே தாவலில் ஓடிவிடலாம். ஆனால் தம்பி உள்ளே இருக்கிறானே!

"ஒரு சந்தேகம் ஐயா," என்றாள். "நூற்றெண்பது பாகைன்னா நேர்க்கோணம். ரெண்டு தாடையும் ஒரே கோடா நீளணும். அதை மட்டும் நீங்க காட்டவே இல்லையே!"

முதலைக்குச் சுருக்கென்றது. "அது... அடுத்த வருஷப் பாடம்."

"உங்களால முடியாதா ஐயா?"

"முடியாதா? முடியாதா?" என்று கரையிலிருந்த தவளைகள் எல்லாம் திருப்பிக் கத்தின.

முதலைக்கு மானம் போனது. "என்னாலயா முடியாது? பாருங்கடா!" என்று வாயை விரித்தது. செங்கோணம் தாண்டியது, விரிகோணமும் தாண்டியது. மேல்தாடை முதுகுப் பக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... மளுக்!

தாடைப் பூட்டு கழன்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் வாயை மூட முடியவில்லை.

"தம்பி! வெளியே வாடா!" என்று வரியாள் அலறினாள்.

எச்சிலில் வழுக்கியபடி குண்டன் வெளியே குதித்தான். அக்காவைக் கட்டிக்கொண்டு விம்மினான். பின்னாலேயே சொறியனும் நெட்டைக்காலியும் வந்து விழுந்தார்கள். மற்றவர்கள் மூடிய கண்ணைத் திறக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அவர்களுடைய குரல்கள் மட்டும் உள்ளே இன்னமும் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தன.

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவனைப் படிப்பு காப்பாற்றாது; கண்ணைத் திறந்து கேள்வி கேட்பவனையே அது காப்பாற்றும்.