களை எடுக்க வந்தவர்

இரும்புக்கல் தோண்டியவர்கள் மலையில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டார்கள், கூரைத் தகரத்தைக்கூட விடவில்லை. வெடிமருந்து வைத்திருந்த அறையை மட்டும் யாரும் தொடவில்லை. அதில்தான் நீலாயம்மா வந்து தங்கினார். எங்கிருந்து வந்தார் என்று ஊர் கொஞ்ச காலம் வாய் வலிக்கப் பேசியது. பிறகு அலுத்துப்போய், அவரிடமே யோசனை கேட்க மலையேற ஆரம்பித்தது.

திருமேனி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நீலாயம்மாவுக்குச் சீடர் என்று ஒருவர் உண்டென்றால் அது திருமேனிதான். கீழே ஊரில் ஓடைக் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே. சுரங்க வாயிலிருந்து கசியும் துருத்தண்ணீரால் செத்துப்போன ஓடையைப் பிழைக்கவைக்க, ஊர்க்காரர்கள் தாங்களாகச் சேர்ந்த கூட்டம் அது. ஞாயிறுதோறும் கழிவுமேட்டில் நல்ல மண் சுமந்து போட்டார்கள். பூவரசும் வேம்பும் வைத்தார்கள். ஓடையைத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக வைத்திருந்தார்கள். மரங்கள் பிடித்துக்கொண்டன. தண்ணீர் மட்டும் சிவப்பாகவே வந்தது.

அந்தத் தண்ணீர் இறங்கித்தான் திருமேனியின் கிணறு கெட்டது. அவருக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். கிணறு நிறைந்து கிடக்கும். ராட்டினம் கிறீச்சிடும். யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் சேந்துவார். யாரென்று பார்க்க நெருங்கும்போதே விழிப்பு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கனவிலிருந்து எழுந்து, முகம்கூடக் கழுவாமல் மலையேறினார். ஒரே மூடுபனி. கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. எழுந்துவிட்டோமா, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறோமா என்று பாதி வழிவரை அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நீலாயம்மா வாசலில் உட்கார்ந்து கூழ் கரைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க திருமேனி, விடியறதுக்குள்ள?"

"ஒண்ணு கேக்கணுங்கம்மா. போன மழைக்கும் தண்ணி செவப்பா வந்ததுல கூட்டத்துல பாதிப்பேர் நின்னுட்டாங்க. இந்த மழைக்கும் அப்படியே வந்தா கூட்டமே கலைஞ்சிரும். கூட்டம் கலைஞ்சா ஓடை போச்சு."

"அதுக்கு?"

"இன்னைக்கு ரெண்டு பேரைப் போகச் சொல்லிரலாம்னு இருக்கேன். சரிங்களா, தப்புங்களா?"

"யாரு ரெண்டு பேரு?"

"ஒண்ணு செல்லக்கா. ஒரு கூடை மண்ணு தூக்கறதில்ல. வேகவெச்ச கடலைய மடியில கட்டிக்கிட்டு வந்து கரையில உக்காந்துக்குது. வாய் மட்டும் ஓயாது."

"இன்னொருத்தர்?"

திருமேனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொன்னுரங்கனுங்க. சுரங்கத்துல வெடி வெச்சவன். அவன் வெச்ச வெடியிலதான் உள்ள ஊத்து ஒடைஞ்சு இந்தத் தண்ணி வெளிய வந்துச்சு. இப்ப கூட்டத்துக்கு வந்து கடைசியில நிக்கறான். ஒரு வார்த்தை பேசறதில்ல. அவனைப் பாத்தாலே என் கெணறு ஞாபகம் வருது. வயிறு எரியுதுங்கம்மா."

"அவங்க ரெண்டு பேரும் போயிட்டா?"

"கூட்டம் சுத்தமாயிரும். களையெடுத்தாத்தானுங்க பயிர் தேறும்?"

நீலாயம்மா கூழ்ச்சட்டியை மூடிவைத்தார்.

"களை எடுக்கறதுல நீங்க கெட்டிக்காரர்னு சொல்றாங்க. எனக்கும் கொஞ்சம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. நான் போதும்னு சொன்னா நிறுத்திரணும்."

அறைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுரங்க வாய் இருக்கும் பக்கம் அது. வெடி வைத்த காலத்துப் பழைய பயம், ஊரில் யாரும் அங்கே போவதில்லை. வாய்க்கு முன்னால் ஒரு பெரிய பள்ளம். பள்ளம் முழுக்க ஆள் உயரத்துக்குச் சம்புக் கோரை அடர்ந்து நின்றது. அதற்கு அப்பால் எல்லாம் பனி.

"இந்தச் சம்புதான். தானா மொளைச்சது. யாரும் நடல."

திருமேனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தலைவர்களுக்குக் கோபம் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். செல்லக்காவை நினைத்து ஒரு பிடி, பொன்னுரங்கனை நினைத்து இரண்டு பிடி என்று வேரோடு பிடுங்கிக் கரையில் எறிந்தார். சேறு சளக் சளக்கென்று விட்டுக்கொடுத்தது. மனசுக்கு இதமாக இருந்தது.

வெயில் ஏற ஏறப் பனி விலகியது. நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பள்ளத்தின் மறுகோடியில் ஒரு சிறிய குட்டை. அடிமணல் தெரிந்தது. மணலுக்கு மேலே அயிரை மீன்கள் நின்றுகொண்டிருந்தன. இந்த மலையில் இப்படி ஒரு தண்ணீரை அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதுவும் கனவுதான் என்று நினைத்தார். ராட்டினச் சத்தம் கேட்கிறதா என்று காதைக்கூடத் தீட்டிப் பார்த்தார்.

அப்போது அவர் காலடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு நழுவிப் போனது. குட்டைக்குள் இறங்கிக் கலைந்தது. மீன்கள் ஓரத்துக்கு ஒதுங்கின.

"போதும்," என்றார் நீலாயம்மா.

"அம்மா, அது எந்தத் தண்ணி?"

"சுரங்கத் தண்ணிதான். வேற எங்கிருந்து வரும்? ஓடைக்கு எறங்கறது போக ஒரு பங்கு இந்தப் பள்ளத்துக்கு வருது."

"தெளிஞ்சில்லீங்க இருந்துச்சு?"

"இருந்துச்சு."

திருமேனி கரையில் கிடந்த குவியலைப் பார்த்தார். ஒவ்வொரு வேரிலும் தண்ணீரிலிருந்து வடித்த துரு அப்பிக் கனத்துக் கிடந்தது. கீழே ஓடையில் ஞாயிறுதோறும் கூட்டம் பிடுங்கி எறிவதும் இதே சம்பைத்தான். ஓடை பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும், ஒரு புல் நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டதே அவர்தான்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க களைன்னீங்க. நானும் சரின்னேன்."

திருமேனி ஒரு கட்டுச் சம்பை அள்ளிக்கொண்டு மறுபடி இறங்கினார். பிடுங்குவது சுலபமாக இருந்தது, நடுவது அப்படியில்லை. சேற்றை விலக்க இரண்டு கை வேண்டும், சம்பை நிறுத்த இரண்டு கை வேண்டும். அவருக்கு இருந்ததோ மொத்தமே இரண்டு. நட்டதெல்லாம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சிவப்பு குட்டைக்குள் போனது. அழுகை வந்தது, அழுதார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்பதே மறந்துபோனது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மலைப்பாதையில் முதலில் ஒரு குரல்தான் ஏறி வந்தது.

"ஏனுங் தலைவரே, இங்கியா இருக்கறீங்க? தலைவரைக் காணோமுன்னு வீடு வீடாப் போயிச் சொல்லிட்டு வர்றேன்."

செல்லக்காவுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் மட்டும் இல்லை. போன மழையோடு நின்றுபோன அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சுரங்கப் பக்கம் வரப் பயந்தவர்களும், அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பயத்தை மறந்து வந்துவிட்டார்கள்.

கடைசியில் பொன்னுரங்கன் வந்தார். சுரங்க வாயைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அப்புறம் எதுவும் கேட்காமல் சேற்றில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை விலக்கிப் பிடித்தார்.

திருமேனி சம்பை வைத்தார். நின்றது. இன்னொன்று வைத்தார். அதுவும் நின்றது.

முன்னால் குனிந்திருந்த முதுகை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். தெரிந்த முதுகு. எத்தனையோ இரவு அவர் கிணற்றில் தண்ணீர் சேந்திய முதுகு.

"பொன்னுரங்கா."

"சொல்லுங்க."

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆழமா விலக்கு," என்றார். சொல்லி முடித்த பிறகு வயிற்றைக் கவனித்தார். எரியவில்லை.

உச்சி வெயிலுக்குள் பள்ளத்தில் சம்பு மறுபடி நின்றது. பழையபடி இல்லை, கோணல்மாணலாகத்தான். குட்டை இன்னும் கலங்கியே இருந்தது. எல்லோரும் கரையில் உட்கார்ந்து செல்லக்காவின் கடலையை உரித்தார்கள். பொன்னுரங்கன் தள்ளி உட்காரப் போனார். திருமேனி கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

செல்லக்கா இருவரையும் பார்த்தாள். அப்புறம் திருமேனியை மட்டும் பார்த்தாள்.

"எத்தன வருசமாப் பாக்கறேன், நம்ம தலைவர் மூஞ்சியில இன்னைக்குத்தான் ஒரு களை வந்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். திருமேனிக்கு வெட்கமாகிவிட்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார்.

"அதையும் எடுத்துடாதீங்க, திருமேனி," என்றார் நீலாயம்மா.